அரை விக்கெட் கிடையாது

வெண்டல் என் அறைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கதவு அவனுக்குப் போதவில்லை. தலையைக் குனிந்து, ஒரு தோளை முன்னால் விட்டுத்தான் உள்ளே வந்தான். அறையில் இருந்த ஒரே நாற்காலியைக் கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தான், நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகு வாசனைக்கு வீட்டுக்கார அம்மாள் சண்டைக்கு வருவாள் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். நவம்பர் மாதத்துக் குளிர் நேராக முதுகில் வந்து விழுந்தது.

"ஜிம்மி, உன் நோட்டைக் கொஞ்சம் எடேன்" என்றான். கையில் ஒரு கடிதம் வைத்திருந்தான். அதை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தான்.

என் பெயர் ஜமால். அமெரிக்கர்கள் வாயில் அது ஜிம்மி. அவன் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், நான் என் தமிழில் சொல்கிறேன்.

நோட்டை எடுத்துக் கொடுத்ததிலிருந்து அவன் எழுந்து போனது வரை கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் எழுபத்தைந்து வருஷ வாழ்க்கையில் நான் கேவலமாக நடந்துகொண்ட தருணங்களைப் பட்டியல் போட்டால் அந்தக் கால் மணி நேரம் முதலில் நிற்கும். இந்தத் தொடரில் இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இத்தனை வாரம் பார்த்தேன். மனசு விடவில்லை.

நான் ஸ்கோரர் ஆன லட்சணம்

அறுபதுகளின் பின்பாதி அது. திருச்சியிலிருந்து கார்ல்ஸ்ரூஹேக்கு நீரோட்டம் பற்றி ஆராய்ச்சி செய்யப் போயிருந்தேன். ஒரு பெரிய கொட்டகைக்குள் சிமென்ட்டில் சின்ன ஆறு கட்டி வைத்திருப்பார்கள். அதில் தண்ணீரை விட்டு, எங்கே எவ்வளவு வேகம் என்று மணிக்கணக்கில் அளந்து எழுத வேண்டும். காவிரியில் குதித்துக் கும்மாளம் போட்டவனுக்கு முழங்கால் ஆழத்து ஆறு! தலைவிதி என்று அளந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து அறையில் செல்வராஜ். பாளையங்கோட்டைக்காரன், ரசாயனத்தில் ஆராய்ச்சி. 'வே' போடாமல் அவனுக்கு வாய் திறக்காது. சமையல் அவன், பாத்திரம் நான்.

கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் அவன்தான். நகரத்துக்கு வடக்கே இருந்த அமெரிக்க ராணுவ முகாமில் சனிக்கிழமை மதியம் ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கணக்கு எழுத, இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேவை.

"போயிட்டு வாரும் வே பாய். ஆத்தை அளந்து அளந்து நீரே பாசி புடிச்சுப் போனீரு."

போனேன். அணியைப் பழக்குகிறவர் ஒரு லெப்டினன்ட். வயசு என்னைவிடக் கம்மி.

"இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாயா?"

"இல்லை. ஆனால் காலேஜில் மூன்று வருஷம் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன்."

"கிரிக்கெட் எவ்வளவு நேரம் ஆடுவார்கள்?"

"பெரிய ஆட்டமென்றால் ஐந்து நாள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐந்து நாள் உட்கார்ந்து எழுதுகிறவனா! எனக்கு நீதான் வேண்டும்."

நான் எழுதியதெல்லாம் ஒரு நாள் ஆட்டம்தான். அதை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

எறிவதற்குள் சாய்ப்பது

நம் ஊர்க் கால்பந்து இல்லை இது. முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும், முன்னால் ஓடுகிறவனுக்கு எறிவதும்தான் ஆட்டம். எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவனைச் சுற்றி அவன் ஆட்கள் ஐந்தாறு பேர் கோட்டைச் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு போய், அவன் எறிவதற்குள் அவனை அங்கேயே மண்ணில் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் சாக். அந்தச் சொல்லே அப்போது புதிது. முகாமின் வானொலியில் அமெரிக்க ஆட்டங்களின் வர்ணனை வரும், அதில் கேட்டுவிட்டுச் சிப்பாய்களும் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

சாய்ப்பதில் வெண்டலை அடிக்க முகாமில் ஆள் கிடையாது. அலபாமாக்காரன். வாரநாளில் லாரி மெக்கானிக். நகத்துக்குள் எப்போதும் கிரீஸ் இருக்கும். பேச்சு அவ்வளவு மெது. ஆட்டத்தில் இறங்கிவிட்டால், அடேயப்பா, எதிரே நிற்கிறவன் தடுமாறிப் போவான். சாய்த்தவனுக்கு அவனே கை கொடுத்துத் தூக்கியும் விடுவான்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் என் பெஞ்சுக்கு வருவான். முகாம் இறைச்சி எனக்கு ஆகாது என்று தெரிந்து ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெயை அரை விரல் கனத்துக்குத் தடவிக் கொண்டுவந்து கொடுப்பான். பிறகு நோட்டில் தன் பெயருக்கு நேரே இருக்கும் கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுவான். அவ்வளவு பெரிய ஆள் சின்னப் பிள்ளை மாதிரி எண்ணுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "வாரா வாரம் எதற்கு எண்ணுகிறாய்? நான் என்ன அழித்துவிடவா போகிறேன்?"

"பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் என் பெயர் இருக்கிறது, ராணுவ ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஆனால் நான் செய்த காரியத்தை உட்கார்ந்து ஒருத்தன் எழுதி வைத்தது இதுதான் முதல் தடவை, ஜிம்மி."

நான் ரொட்டியைக் கடித்தேன்.

பொதுக் கணக்கு

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். என்னைப்போலக் கிரிக்கெட் நோட்டில் ஊறிப்போனவன்தான் அதைச் செய்திருக்க முடியும்.

கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் ஒரு பந்துவீச்சாளன் பெயரில் ஒரு விக்கெட். இல்லையென்றால் யார் பெயரிலும் கிடையாது, ரன் அவுட் மாதிரி. அரை விக்கெட் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. இது எனக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

முதல் ஆட்டத்திலேயே வெண்டலும் இன்னொருத்தனும் ஒரே சமயத்தில் பாய்ந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தார்கள். யார் பெயரில் போடுவது? பக்கத்தில் லெப்டினன்ட் நிற்கிறார், கேட்டால் அரை நொடியில் சொல்லிவிடுவார். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே! 'பொது' என்று தனியாக ஒரு பத்தி போட்டு அதில் ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில், யார் யார் சேர்ந்து சாய்த்தார்கள் என்பதை எனக்கு மட்டும் விளங்குகிற மாதிரி தமிழில் கிறுக்கி வைத்தேன். அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் லெப்டினன்ட் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். "ஜிம்மி எழுதினால் எழுதினதுதான். இந்த முகாமிலேயே நாணயமான நோட்டு இது ஒன்றுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். எனக்குத் தலை கால் புரியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டத்திலேயே அந்தக் காலத்தில் எவன் எத்தனை சாக் செய்தான் என்று ஆள்வாரியாக அதிகாரபூர்வக் கணக்குக் கிடையாது. எண்பதுகளில்தான் எண்ண ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் ஆடிய சூரர்களின் பெயர் அந்தச் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. இன்றைக்கும் பழைய படச்சுருளை ஓட்டி ஓட்டி யாராவது அவர்களுக்காக எண்ணிக்கொண்டிருக்கிறார்களாம். படிக்கும்போது எனக்குச் சுருக்கென்று தைக்கும். வெண்டலுக்குப் படச்சுருளும் இல்லை. என் நோட்டு ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை வாங்கிய அடி

வெண்டல் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் கொட்டகையில் எனக்கு ஒரு பூசை நடந்தது. அளவு அட்டவணையில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தேன். கண்டுபிடித்து, அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினேன். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டார்.

"எழுதின பிறகு எண்ணை மாற்றுகிறவன் எதையும் மாற்றுவான்" என்றார், பத்துப் பேர் முன்னால். "உங்கள் ஊரில் இப்படித்தான் அளப்பீர்களா?"

காது மடல் சூடாகிவிட்டது. நான் சரியாகத்தான் திருத்தினேன் என்று சொல்ல ஜெர்மன் வார்த்தை வாயில் வரவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இனி செத்தாலும் எழுதினதை மாற்றுவதில்லை என்று ஒரு வீம்பு.

இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது இது, அவ்வளவுதான்.

மழை என்றேன்

கட்டிலில் உட்கார்ந்திருந்த வெண்டல் கடிதத்தை என்னிடம் நீட்டினான். அமெரிக்காவில் ஒரு தொழில்முறை அணியின் பயிற்சியாளர் எழுதியது. ஜெர்மனி ராணுவ ஆட்டங்களில் போன வருஷம் வேறொரு முகாம்காரன் பதினாறு சாக் செய்தானாம். அதைத் தாண்டியிருந்தால், ஸ்கோரரும் அதிகாரியும் கையெழுத்திட்ட கணக்கை அனுப்பு, கோடைப் பயிற்சி முகாமில் உன்னை ஆட வைத்துப் பார்க்கிறோம் என்று இருந்தது.

"ராணுவத்தில் என் காலம் ஜனவரியோடு முடிகிறது" என்றான் வெண்டல். "இது கிடைக்காவிட்டால் ஊரில் எனக்கு வேலை எதுவும் இல்லை. மறுபடி கையெழுத்துப் போட வேண்டியதுதான். போட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று உனக்கே தெரியும்."

தெரியும். எல்லோருக்கும் தெரியும். வியட்நாம்.

நோட்டில் அவன் பெயருக்கு நேரே பதினான்கு கோடுகள்.

"அதோடு பாதி பாதியையும் கூட்ட வேண்டும் இல்லையா?" என்றான். "இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை. கடைசியில் பிரித்துப் போடுவாய் என்றுதானே நான் ஒன்றும் கேட்கவில்லை."

ஆளுக்கு அரை! அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. பொதுப் பத்தியில் ஏழு கோடுகள். அதில் ஆறில் வெண்டலுக்குப் பங்கு, ஓரத்தில் என் கிறுக்கலில் எல்லாம் இருக்கிறது. ஆறு அரை மூன்று. பதினான்கும் மூன்றும் பதினேழு.

பேனாவை எடுத்து எழுதியிருக்கலாம். 'மன்னித்துக்கொள், எனக்கு விதி தெரியாமல் போய்விட்டது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் பருவம் முழுக்க எழுதிய நோட்டு தப்பு. நாணயமான நோட்டு என்று பெயரெடுத்தவனுக்கு ஆட்டமே தெரியாது என்று முகாமே சிரிக்கும். பேராசிரியர் குரல் வேறு காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"கையெழுத்தான பக்கத்தைத் திருத்த முடியாது" என்றேன். "பொது என்றால் பொதுதான். யார் யார் என்று எழுதவில்லை."

அவன் கோபப்படவில்லை. நோட்டை மடியில் வைத்து மெதுவாகப் புரட்டினான். ஒரு பக்கத்தில் நின்று, ஓரத்திலிருந்த தமிழ் எழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"இது என்ன எழுதியிருக்கிறாய்?"

'வெண்டல், இடப்பக்கத்து ஆளோடு சேர்ந்து' என்று எழுதியிருந்தது.

"மழை" என்றேன். "அன்றைக்கு மழை பெய்தது என்று."

வெண்டல் என்னைப் பார்த்தான். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. நல்லவேளை என்று எழுந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அன்றைக்கு வெயில் அடித்தது, ஜிம்மி" என்றான்.

நோட்டை மூடி மேஜைமேல் பதமாக வைத்தான். கதவில் குனிந்து, தோளை முன்னால் விட்டு, போய்விட்டான்.

பின்வாசல்

பதினான்கு என்றே அனுப்பினான். இரண்டு வாரத்தில் மரியாதையாக, முடியாது என்று பதில் வந்துவிட்டதாம். ஜனவரியில் மறுபடி மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

வியட்நாமுக்குக் கிளம்புவதற்கு முன்தினம் எங்களைப் பார்க்க வந்தான். நான் அப்போது கொட்டகையில் இருந்தேன் என்றுதான் பின்னாளில் என் மனைவிக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தேன். பொய். தெருமுனையில் அவன் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கிப் போனேன். ஒரு மணி நேரம் குளிரில் சுற்றிவிட்டுத் திரும்பினேன். மேஜையில் புது வேர்க்கடலை வெண்ணெய் டப்பா ஒன்று இருந்தது. செல்வராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"எங்க வே போனீரு?"

"லேப்ல கொஞ்சம் வேலை."

"பின்வாசல் வழியா நீரு போனதைப் பாத்துட்டுத்தான் கேக்கேன். அந்தப் பய அரை மணி நேரம் இங்கன காத்துக் கிடந்தான். என்ன வே நடந்துச்சு?"

சொன்னேன். முதல் தடவையாக ஒருத்தரிடம் முழுக்கச் சொன்னேன். செல்வராஜ் சாதாரணமாகப் பாதியில் கிண்டல் செய்கிறவன். அன்றைக்குக் கடைசி வரை கேட்டான்.

"மழைன்னா சொன்னீரு?"

"ஆமா."

"உம்ம தப்பை மறைக்கதுக்கு அவன் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டிருக்கீரு. நீரெல்லாம் மனுசனா வே?"

அழுகை வந்துவிட்டது. அவன் சமாதானம் சொல்லவில்லை. காகிதத்தை எடுத்து என் முன்னால் போட்டான்.

"எழுதும். இப்பவே எழுதும். முடிக்கிற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

ஒரு பக்கக் கடிதம்

எழுதினேன். அந்த அணியின் பெயரும் ஊரும் நினைவிருந்தன. நான் கிரிக்கெட் ஸ்கோரர், விதி தெரியாமல் இரண்டு பேர் பகிர்ந்த சாக் கணக்கை விட்டுவிட்டேன், சரியான கணக்குப் பதினேழு என்று ஆட்டம் ஆட்டமாக விவரம் கொடுத்தேன். அவன் மறுபடி ராணுவத்தில் கையெழுத்துப் போட்டு வியட்நாம் போவதையும் எழுதினேன். ஒரு பக்கம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் முகாமுக்குக் கொண்டுபோனேன். லெப்டினன்ட் மேஜைமேல் வைத்தேன். அவர் படித்தார்.

"ஆளுக்கு அரை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நீ அப்படிப் போடவில்லையா?" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா, ஜிம்மி?"

இவ்வளவுதான். யாரும் என்னை ஏளனம் செய்யவில்லை. எதற்குப் பயந்து ஒருத்தனிடம் அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேனோ, அது ஒரு சிரிப்போடு முடிந்துபோயிற்று.

மூன்று மாதம் பதில் இல்லை. மரமெல்லாம் துளிர்த்த பிறகு ஒரு தடித்த உறை வந்தது. எனக்கு நாலு வரி: திருத்திய கணக்குக்கு நன்றி, ஆளின் புது விலாசம் எங்களிடம் இல்லை, உள்ளே இருப்பதை அவனிடம் சேர்த்துவிடவும். உள்ளே வெண்டல் பெயரில் கடிதம். அதன் உறையை ஒட்டியிருக்கவில்லை, எடுத்துப் படித்தேன். உங்கள் ஸ்கோரர் அனுப்பிய கணக்கின்படி உங்களை ஜூலை மாதப் பயிற்சி முகாமுக்கு அழைக்கிறோம், ராணுவத்திலிருந்து விடுவிக்க எங்களால் முடிந்ததைச் செய்கிறோம் என்று இருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். யா அல்லா, சரியாகிவிட்டது, சரியாகிவிட்டது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். வாய்விட்டுச் சிரித்தேன் என்றுகூட நினைவு.

லாரிப் பட்டறை சார்ஜென்ட் ஒரு பெரிய எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். வெண்டலின் விலாசம் வேண்டும் என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியாதா?" என்றார். "கண்ணிவெடி. உயிர் பிழைத்துவிட்டான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவன் ஊருக்குப் பக்கத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறான்."

விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "எழுது. சந்தோஷப்படுவான்" என்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அறைக்கு வந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

நான் எழுதவில்லை. கடிதத்தையும் அனுப்பவில்லை. கால் போனவனுக்கு இதை அனுப்புவது கொடுமை என்று செல்வராஜிடம் சொன்னேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஊர் திரும்பிய பிறகு என் மனைவியிடமும் அதையே சொன்னேன், அவள் நம்பினாள். பல வருஷம் நானே நம்பினேன்.

உண்மை அது இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்தால், தனக்கும் அந்த ஆட்டத்துக்கும் நடுவில் நின்றது ஒரு பக்கக் காகிதமும் அரை மணி நேரமும்தான் என்று வெண்டலுக்குத் தெரிந்துவிடும். அது அவனுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அவனுக்காக அல்ல, எனக்காக.

தன்னை வேண்டும் என்று ஓர் அணி எழுதியது அவனுக்குத் தெரியவே தெரியாது. கடிதம் என்னிடம்தான் இருக்கிறது.